ராஜா வாபஸ் வாங்காதவை

வியன்னாவில் விமானம் இறங்கியபோது என் கைப்பேசியில் ஒரு ராஜினாமாக் கடிதம் இருந்தது. நெவார்க்கில் ஏறும் முன் எழுத ஆரம்பித்து, அட்லாண்டிக்கின் மேலே எட்டு மணி நேரம் அதைத் திருத்திக்கொண்டே வந்தேன். எழுத எழுதக் கோபம் தணியும் என்பார்கள். என் விஷயத்தில் அப்படி நடந்ததில்லை. ஒவ்வொரு திருத்தத்திலும் இன்னும் இரண்டு பேருக்குச் சூடு வைத்திருந்தேன்.

வெஸ்ட் வின்ட்சரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. வாரம் ஐந்து நாள் ஆபீசில் மென்பொருளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஆறாம் நாள் துணி துவைத்துவிட்டு, ஏழாம் நாள் ஒரு அரசுப் பள்ளியின் வாடகை வகுப்பறைகளில் அ, ஆ சொல்லிக்கொடுக்கப் போகிற கூட்டம் எங்களுடையது. மூன்று வருடம் முன்பு என்னைத் தலைமைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அன்றைய கூட்டத்தில் எல்லோரும் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வந்த வேகத்தில் சட்டம் போட ஆரம்பித்தேன். ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி கிடையாது என்றேன். மேடை ஏறிய குழந்தைக்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கோப்பை கொடுத்துச் சிறப்பு விருந்தினரோடு படம் எடுக்கும் வழக்கத்தை நிறுத்தினேன். அப்புறம் பொங்கல் விருந்துக்குக் காகிதத் தட்டு வாங்க மாட்டோம், ஆளாளுக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கொண்டு வர வேண்டும் என்று ஒன்று.

அந்தத் தட்டுச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அறிவுள்ள யாரும் மறுக்க முடியாத சட்டம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். குப்பை குறையும், சாம்பாரும் ஓரம் தாண்டி ஓடாது. நான் யோசிக்க மறந்தது, சாப்பிட்ட தட்டை எங்கே கழுவுவது என்பதை. பள்ளிக் கழிப்பறையில் இருந்ததே நாலு குழாய். அதன் முன்னால் பட்டுப்புடவையும் வேட்டியுமாக, எச்சில் கையோடு, ஊரே வரிசையில் நின்றது. முருங்கைக்காய்ச் சக்கையும் கறிவேப்பிலையும் அடைத்துக்கொண்டு தண்ணீர் தரையில் ஓட, பள்ளியைச் சுத்தம் செய்கிறவர் வாளியோடு ஓடி வந்தார். அது போதாதென்று தட்டுகள் மாறிப்போயின. நம் வீட்டு எவர்சில்வர் தட்டில் பெயர் வெட்டியிருக்கும். சீராக வந்தது, கிரகப்பிரவேசத்துக்கு வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வம்சம் உண்டு. ஒரு வீட்டில் மாமியார் பெயர் வெட்டிய தட்டு காணாமல் போனது. வாட்ஸ்அப் குழுவில் அதைத் தேடும் படலம் சித்திரை வரை ஓடியது. கடைசியில் அவர்களுக்கு ஆகாத ஒரு குடும்பத்தின் டிஷ்வாஷரில் கிடைத்தது. அதனால் இன்னும் ஒரு மாதம் ஓடியது.

நான் செய்த நான்காவது காரியம் ஏழாம் அறை. என் உயிர் அதில்தான் இருந்தது. எங்கள் பள்ளியில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நிலையில்தான் உட்கார வேண்டும். பதினாலு வயதுப் பெண்ணானாலும் ஐந்து வயதுக் குழந்தைகளோடு, முழங்கால் மோவாயில் இடிக்கிற நாற்காலியில். ஒரு வாரம் வருவார்கள், மறுவாரம் வர மாட்டார்கள். பெரியவர்களுக்கு அந்த நாற்காலியும் கிடையாது. ஏழாம் எண் அறையைத் திறந்து, எந்த வயதிலும் வரலாம், ஒன்றும் தெரியாமல் வரலாம், ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் யாரும் முறைக்க மாட்டார்கள் என்று அறிவித்தேன். நானே அதற்கு ஆசிரியை. ஆறு பேர் வந்தார்கள்.

அதில் ஒருத்தி ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவள். முப்பத்தைந்து வயது, எங்கள் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அம்மா இல்லை. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவள். ஹூஸ்டனில் இருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்து எழுந்தபோது, அத்தனை வருடம் ஆபீசில் பேசிய ஆங்கிலம் அவரைவிட்டுப் போயிருந்தது. சின்ன வயதுத் தமிழ் மட்டும் மிச்சம். அவர் சொல்வது மகளுக்குப் புரியவில்லை, மகள் சொல்வது அவருக்குப் புரியவில்லை. முதல் வகுப்பில் அவள் கேட்ட முதல் கேள்வி, உடம்பு வலிக்கிறதா என்று எப்படிக் கேட்பது என்பது. "வலிக்குதாப்பா" என்று சொல்லிக்கொடுத்தேன். உள்ளங்கையில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள். வகுப்பு முடிந்து நான் காரை எடுக்கப் போனபோது அவள் தன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைப்பேசியில் தெரிந்த அப்பாவைப் பார்த்து அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என் காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

இந்த ஏழாம் அறைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. எங்கள் துணைத் தலைவர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல், கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் தயங்கித் தயங்கிப் பேசினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பேரன்ட்ஸ் எல்லாம் ரொம்ப அப்செட்டா இருக்காங்க. எல்லாத்தையும் பழைய மாதிரியே விட்டுடலாம்னு ஓட்டு எடுக்கச் சொல்றாங்க." எல்லாத்தையும் என்றால் ஏழாம் அறையும் சேர்த்துத்தான். பேச்சுப் போட்டி திரும்ப வந்தால் ஒத்திகை பார்க்க அறை வேண்டுமே. நான் ஊர் திரும்பிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வாக்கெடுப்பு. அதற்குப் பதிலாகத்தான் அந்தக் கடிதம். நாலும் இருந்தால் நான் இருக்கிறேன், ஒன்று போனாலும் நான் போகிறேன். இதுதான் அதன் சாரம். மிச்சமெல்லாம் திட்டு.

வியன்னாவுக்கு நான் போனது மகளைப் பார்க்க. கல்லூரியில் மூன்றாம் வருடம், ஒரு பருவம் அங்கே படிக்கப் போயிருந்தாள். நான் ஆறு நாள் லீவு போட்டு, பருப்புப் பொடியும் நெய்யும் சுமந்துகொண்டு போனேன். அவளுக்கு ஒரு வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். செத்துப்போன ஒரு பெரிய மனிதரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு அந்த ஊரில் இருக்கிற நினைவுச் சின்னங்களுக்கெல்லாம் போக வேண்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மணி நேரம் நின்று, வருகிறவர் போகிறவர் என்ன செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். அவள் தேர்ந்தெடுத்தது ஒரு ராஜாவை. இருநூறு வருடத்துக்கும் மேலே ஆகிறது அவர் இறந்து. அந்த அரண்மனைகளில் அவ்வளவு பேர் இருக்க இவர் எதற்கு என்று கேட்டேன். "ஹீ இஸ் சோ யூ, அம்மா" என்றாள்.

மகள் தமிழில் பேசுவதில்லை. நான் சொல்வது ஒவ்வொன்றும் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அது ஏன் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம். அவளுக்குப் பதினோரு வயதில் ஆண்டு விழாப் பேச்சுப் போட்டி. மூன்று பக்கம் நான்தான் எழுதிக்கொடுத்தேன். அடுக்கு மொழி, எதுகை, மோனை, ஒன்றையும் விடவில்லை. பாவம், ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தாள். மேடையில் பாதியில் நின்றுவிட்டாள். முதல் வரிசையில் இருந்த நான் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தேன். அவள் பேசவில்லை. மறுபடி கொடுத்தேன், கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது தடவை மைக்கிலேயே கேட்டுவிட்டது. அரங்கம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புத்தான். அவள் இறங்கி நேராக வெளியே நடந்தாள். அன்றோடு சரி.

முதல் நாள் சிலைக்குப் போனோம். பெரிய நூலகத்தின் முன்னால் ஒரு சதுக்கம், நடுவில் பச்சை பிடித்த வெண்கலக் குதிரை, அதன் மேல் ராஜா. பழைய ரோமாபுரி உடை போட்டு, வலது கையை நீட்டி, எல்லோரும் அமைதியாக உட்காருங்கள் என்பதுபோல் இருந்தார். ஒரு மணி நேரம் நின்றோம். நிமிர்ந்து பார்த்தவர்களைவிட, அவர் பீடத்தில் சாய்ந்து வரைபடம் பார்த்தவர்கள்தான் அதிகம். இந்தச் சிலையை வைத்தது அவர் தம்பி மகன் என்றும், சித்தப்பாவுக்கு, இல்லை இல்லை, பெரியப்பாவுக்குச் சிலை வைத்துவிட்டு அவர் போட்ட சட்டங்களில் பலவற்றை அவனே ஓரங்கட்டினான் என்றும் மகள் சொன்னாள். எனக்குத் துணைத் தலைவர் ஞாபகம் வந்தது. எனக்கும் ஒரு கேடயம் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

ராஜாவின் கதையை அவள் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, எனக்கு அந்த மனிதர் மேல் பாசம் வந்துவிட்டது. அம்மா ராணி போன பிறகு பத்து வருடம்தான் தனியாக ஆண்டிருக்கிறார். அதற்குள் சட்டம் சட்டமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார். அவரவர் சாமியை அவரவர் கும்பிடலாம், குடியானவன் பண்ணைக்கு அடிமை இல்லை, ஏழைக்கும் ஆஸ்பத்திரி வேண்டும் என்பவை ஒரு பக்கம். கோயிலில் எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றலாம், இடி இடிக்கும்போது மணி அடிக்கக் கூடாது என்பவை இன்னொரு பக்கம். ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் நான் "சரியாத்தானே சொல்லியிருக்காரு" என்றேன். மகள் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் டிராம் பிடித்து ஊர்க் கோடியில் இருக்கிற பெரிய இடுகாட்டுக்குப் போனோம். அங்கே சாவுச் சடங்குகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம். அதில் ராஜாவின் சட்டம் ஒன்று மரத்தில் செய்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு சவப்பெட்டி. அடியில் கதவு. குழிக்கு மேலே வைத்து இழுத்தால் கதவு திறந்து உடம்பு மட்டும் உள்ளே விழும், பெட்டி அடுத்த ஆளுக்குத் தயார். மரம் மிச்சம். அறிவுள்ள யாரும் மறுக்க முடியாத யோசனை. ஜனங்கள் கொதித்துப் போனார்களாம். சில மாதத்திலேயே வாபஸ் வாங்கிவிட்டார். நான் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மகள் சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அம்மா, தீஸ் ஆர் யுவர் ப்ளேட்ஸ்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. டிராமில் திரும்பி வரும்போது, அந்த மாமியார் பெயர் வெட்டிய தட்டுக்காரி முதல் தடவையாக என் மனதுக்குள் வந்து உட்கார்ந்தாள். அந்த மாமியார் இறந்து இரண்டு வருடம். அந்தத் தட்டைத் தேடியபோது அவள் தேடியது தட்டை இல்லை. எனக்கு அது அத்தனை மாதமும் தலைவலியாக மட்டும்தான் இருந்தது.

மூன்றாம் நாள் தோட்டம். ராஜகுடும்பம் மட்டும் உலாவிய இடத்தை அவர் ஊருக்கே திறந்துவிட்டார். வாசல் வளைவில் அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். எல்லா மனிதருக்கும் என்று ஜெர்மன் மொழியில் வெட்டியிருந்ததை மகள் விரலால் காட்டிப் படித்தாள். எங்களுக்குச் சமமானவர்களோடு உலாவ இடமில்லாமல் போயிற்றே என்று பிரபுக்கள் குறைபட்டார்களாம். எனக்குச் சமமானவர்களோடுதான் இருப்பேன் என்றால் நான் என் முன்னோர்களின் கல்லறையில்தான் உலாவ வேண்டும் என்று ராஜா பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. உள்ளே புல்வெளியில் தலையில் துணி கட்டிய பெண்கள் தள்ளுவண்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய்ந்தார். யாரோ பிறந்த நாள் கேக் வெட்டினார்கள். நாங்களும் பெஞ்சில் உட்கார்ந்து சப்பாத்தியில் பருப்புப் பொடி சுருட்டித் தின்றோம். ஒரு மணி நேரத்தில் அந்த வாசகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிலையிலும் இதேதானே என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். சிலையை யாரும் பார்க்காவிட்டால் அது வீண், இங்கே யாரும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, உள்ளே வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். இருபது வயதில் நான் இப்படி யோசித்ததில்லை. பெருமையாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் கல்லறை. ஒரு சாதாரண தேவாலயத்துக்கு அடியில், படி இறங்கிப் போனால், ராஜவம்சம் முழுவதும் உலோகப் பெட்டிகளில் படுத்திருக்கிறது. கடைசிப் படியில் கால் வைத்ததும் நான் யோசிக்காமல் ஒன்று செய்தேன். ஷூவைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு நடந்தேன். சமாதிக்குள் போகிறோம், கழற்றத்தானே வேண்டும். நான் பிறந்து வளர்ந்த கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எங்கே கொண்டுபோய் விட்டாலும் என் கால் இப்படித்தான்.

ராஜாவுடைய அப்பா அம்மாவின் பெட்டி ஒரு வீடு அளவு. தேவதைகள், கிரீடங்கள், எக்காளங்கள், இருவரும் அதன் மேல் எழுந்து உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அதன் காலடியில், ஒரு வேலைப்பாடும் இல்லாத செம்புப் பெட்டி. அதுதான் ராஜா. நம் வீட்டு அரிசிப் பெட்டிகூட இதைவிட அலங்காரமாக இருக்கும்.

மகள் கிசுகிசுத்தாள். நாற்பத்தெட்டு வயது, நெஞ்சில் நோய், எல்லாப் பக்கமும் கலகம். சாகிறதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தேசத்துக்குப் போட்ட சட்டங்களை மொத்தமாக வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மூன்றைத் தவிர. அவரவர் சாமியை அவரவர் கும்பிடலாம் என்பதையும், குடியானவன் அடிமை இல்லை என்பதையும் மட்டும் விட மாட்டேன் என்று வைத்துக்கொண்டார். "தோஸ், ஹீ கெப்ட்" என்றாள்.

அப்போது காவலர் ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, ஒரு மடக்கு நாற்காலியும் கையில் இருந்தது. மகள் அவரிடம் ஜெர்மனில் பேச ஆரம்பித்தாள். எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் திக்கித் திக்கிப் பேசுவது எந்த மொழியிலும் தெரியும். நடுவில் நின்றாள், கையால் காட்டினாள், ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னாள் போலிருக்கிறது, காவலர் திருத்தினார், அவளே சிரித்துக்கொண்டு திருப்பிச் சொன்னாள். நாலு தடவை இப்படி. முகத்தில் ஒரு துளி கூச்சம் இல்லை. அவர் என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டு நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார். நான் ராஜாவின் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே போகும்போது நான் ஷூவை மாட்டிக்கொண்டு முதலில் படியேறிவிட்டேன். அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் நீதான் லேட் என்று மேலே இருந்தே கடிந்துகொண்டேன்.

எதிரே ஒரு நீரூற்று. அதன் ஓரத்தில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். "இந்த ஊர் பாஷைய இப்படித் தப்புத் தப்பாப் பேசறியே கண்ணு, உனக்குக் கூச்சமா இல்லியா?"

"நோபடி ஹியர் இஸ் மை மாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். அப்புறம் அவளே தொடர்ந்தாள். நான் பேச்சுப் போட்டியை நிறுத்திய செய்தி அவளுக்கு அவள் அப்பா சொல்லித்தான் தெரியுமாம். ஊரில் இருக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் சட்டம் போட்டாய், என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அதைவிட, சில குழந்தைகளுக்கு மேடை பிடிக்கும் அம்மா, அவர்களையும் ஏன் தடுத்தாய் என்றாள்.

எனக்குப் பதில் சொல்லப் பழக்கம். அலுவலகத்திலும் பள்ளியிலும் வீட்டிலும் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். அன்றைக்குச் சப்பாத்திப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். நம் வீடுகளில் மன்னிப்பு என்ற சொல்லை யாரும் புழங்குவதில்லை. அதைச் சொன்னால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

"அன்னிக்கு நான் வாய மூடிட்டு உக்காந்திருக்கோணும் சாமி. என்ற தப்புதான்" என்றேன்.

அவள் நீரூற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "ஓகே" என்றாள். மடியில் இருந்த கடைசிச் சப்பாத்தியைப் பிய்த்து, பெரிய பாதியை எனக்குக் கொடுத்தாள். நான் அழுதுகொண்டே தின்றேன். ஒரு ஜப்பானியக் கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அங்கேயே உட்கார்ந்து கைப்பேசியை எடுத்துக் கடிதத்தை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, நல்ல திட்டுகள், ஆனால் இதை அனுப்பினால் ஏழாம் அறை என்ன ஆகும் என்று கேட்டாள். போய்விடும் என்றேன். சொல்லும்போதுதான் அது என் காதிலேயே விழுந்தது. எட்டு மணி நேரம் எழுதியதில் அந்த மருந்துக் கடைப் பெண் ஒரு வரியிலும் இல்லை. நான், என் சட்டம், என் மானம், அவ்வளவுதான் இருந்தது. முழுவதையும் அழித்தேன். எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். அவள் ஏழு விரலைக் காட்டினாள்.

புதிதாக எழுதியது ஐந்து வரி. காகிதத் தட்டு திரும்ப வரட்டும். கோப்பைகள் வரட்டும், எல்லோருக்கும் ஒன்று. பேச்சுப் போட்டியும் வரட்டும், ஒத்திகைக்கு உணவுக்கூடத்தின் மூலையை எடுத்துக்கொள்ளலாம். தட்டு விஷயத்தில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு அந்தக் குடும்பத்திடம் நேரில் பேசுகிறேன். ஏழாம் அறையை மட்டும் விட மாட்டேன். துணைத் தலைவருக்கு அனுப்பிவிட்டு, ஒரு பெரிய ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். கோப்பைகள் திரும்ப வருகின்றன என்று அறிவித்ததும் கைதட்டல். எந்த அளவு, என்ன நிறம், அடியில் குழந்தையின் பெயர் பொறிக்க வேண்டுமா என்று முக்கால் மணி நேரம் விவாதம். காகிதத் தட்டில் வாழை இலைப் படம் போட்டது ஐசலினின் இந்தியக் கடைத்தெருவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று இன்னொரு கால் மணி. ஏழாம் அறை தொடரலாமா என்று துணைத் தலைவர் கேட்டபோது எல்லோருக்கும் டீ வந்துவிட்டது. டம்ளர் பிடிக்காத கைகள் எல்லாம் உயர்ந்தன. மருந்துக் கடைப் பெண் கடைசி வரிசையில் இருந்தாள், அவள் இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். மூன்று வருடம் நான் போராடியது டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மே மாதக் கடைசியில் அடுத்த வருடத்துக்கான விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று வியன்னாவிலிருந்து. வயது, இருபத்தொன்று. நிலை என்ற கட்டத்தில், ஏழாம் அறை. வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி. ஆசிரியர் என் அம்மாவாக இருக்கக் கூடாது.

கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "நியாயம்தானே" என்றார். மறுநாளே துணைத் தலைவரை அழைத்து, ஏழாம் அறைக்கு வேறு ஆள் வேண்டும் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை, நானே எடுக்கிறேன் மேடம் என்றார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

செப்டம்பரில் முதல் வகுப்பு. மகள் கல்லூரியிலிருந்து ரயிலில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் வந்து இறங்கினாள். நான்தான் காரில் அழைத்து வந்தேன். அவள் ஏழாம் அறைக்குள் போனதும் நான் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். வேலை இருந்தது, பொய் சொல்லவில்லை. கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு இடத்துக்குப் போனதைச் சொல்ல வேண்டும். மருந்துக் கடைப் பெண், போன மாதம் ஹூஸ்டன் போனதாகவும் அப்பா வலிக்கலை என்று சொன்னதாகவும் சொன்னாள். அடுத்து என் மகள். பத்து வருடம் கழித்து அவள் குரலில் தமிழ். "நான் வியன்னா போனேன். அங்க ஒரு ராஜா. அவரு..." என்று ஆரம்பித்து நின்றாள்.

எந்தச் சொல்லைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். சவப்பெட்டி. அது என் பல் வரைக்கும் வந்துவிட்டது. அதே இடைவெளி, அதே பெண். நான் பதிவேட்டின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு பெரிய டப்பால தூங்கறாரு" என்றாள். வகுப்பு சிரித்தது, அவளும் கூடச் சிரித்தாள். "எங்கம்மா ஷூ கழட்டினாங்க. அப்புறம் நானும் கழட்டினேன்."

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே துணைத் தலைவர் அவளிடம் இன்னும் என்னவோ கேட்டார், அவள் மறுபடி தேட ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.